இறுதியாட்டப் புதிர்களைச் சரிபார்க்க லிசெஸ் எவ்வளவு உதவும்?

லிசெஸ் என்னும் இணையச் சதுரங்கத் தளத்தை ஆட்டம் ஆடுவதற்காகப் பயன்படுத்துவோர்தான் அதிகம். நான் அங்கே ஆடுவது அரிது. புனையப்பட்ட சதுரங்கப் புதிர்களையும், குறிப்பாகச் சில காய்களே எஞ்சியிருக்கும் இறுதியாட்டப் புதிர்களையும், மரப்பலகையில் தீர்த்துப் பார்த்த பிறகு என் விடை சரிதானா என்று சோதிக்கவே அதைத் திறக்கிறேன். எனவே இந்த மதிப்புரை அந்த ஒரு பயனைப் பற்றியது மட்டுமே. பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்லெசி 2010இல் தொடங்கிய இத்தளம் இன்றும் நன்கொடையில்தான் இயங்குகிறது; கட்டணமில்லை, விளம்பரமில்லை. கீழே நான் சொல்லும் வசதிகள் எல்லாம் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைப்பவை.

இதன் முதன்மையான பலம் டேபிள்பேஸ், அதாவது சில காய்களே உள்ள நிலைகளின் முடிவுகளை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தொகுப்பு. ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி வகைத் தரவு இது. ராஜாக்கள் உட்பட 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலைகளில், ஒவ்வொரு நகர்வும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்பதைக் கணிப்பாக அல்லாமல் முடிந்த முடிவாகவே அது சொல்லிவிடுகிறது. ரிச்சர்ட் ரேட்டியின் 1921ஆம் ஆண்டுப் புதிரை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ராஜா எச்8இல், வெள்ளைச் சிப்பாய் சி6இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). கறுப்பு ராஜா ஏ6இல், கறுப்புச் சிப்பாய் எச்5இல். வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். எச் வரிசைச் சிப்பாயைத் துரத்திப் பிடிப்பதற்கு வெள்ளை ராஜா இரண்டு நகர்வு பிந்தி நிற்கிறது. தன் சிப்பாயைக் காப்பாற்றவோ அது வெகு தொலைவில் இருக்கிறது. வெள்ளைக்கு இங்கே உள்ளவை மொத்தமே 4 நகர்வுகள். பலகையை அமைத்துவிட்டுப் புத்தகக் குறியைத் தொட்டால் அவற்றில் மூன்று தோல்வியின் கீழும், ராஜாவை ஜி7க்கு நகர்த்துவது மட்டும் டிராவின் கீழும் வந்து நிற்கும்.

ஆனால் அந்த ஒற்றை நகர்வு ஏன் போதுமானது என்பதை டேபிள்பேஸ் சொல்லாது. ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் இறங்கும் ராஜா ஒவ்வோர் அடியிலும் இரண்டு இலக்குகளையும் ஒருசேர நெருங்குகிறது. கறுப்பு ஒன்றைத் தடுக்க ஒரு நகர்வு செலவழித்தால் மற்றொன்று கைகூடிவிடுகிறது. இதைத் தாமாகக் கண்டுபிடிக்கும் இன்பத்தை, விடையை முதலில் பார்த்துவிட்டவர் இழந்துவிடுகிறார். ஆகவே பலகையில் முழுவதுமாகத் தீர்க்கும் வரை எஞ்சினையும் (நகர்வுகளைக் கணிக்கும் நிரலையும்) டேபிள்பேஸையும் அணைத்தே வைத்திருங்கள் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். உலகப் புதிர் தீர்க்கும் போட்டியின் இறுதியாட்டச் சுற்றில் 3 புதிர்களுக்கு 100 நிமிடம் தருகிறார்கள். அதே அளவை நானும் விடுமுறை நாட்களில் கடைப்பிடிக்கிறேன். நேரம் முடிந்த பிறகுதான் கணினி.

அடுத்து, இந்தக் கருவியின் வாசிப்பில் எச்சரிக்கை தேவைப்படும் ஓர் இடம். 1895இல் கிளாஸ்கோ வார இதழ் ஒன்றில் ஜார்ஜ் பார்பியே டிரா என்று வெளியிட்ட ஒரு புதிரில், அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவேத்ரா வெற்றியைக் கண்டார். அதன் உச்சகட்டத்தில் வெள்ளை ராஜா சி2இலும் சிப்பாய் சி7இலும், கறுப்பு ராஜா ஏ1இலும் யானை டி4இலும் இருக்கின்றன. சிப்பாயை ராணியாக்கினால் யானை சி4க்கு வந்து செக் வைக்கும். அதை ராணி வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே கறுப்புக்கு நகர்வு எதுவும் இல்லாமல் போய் டிரா. யானையாக்கினால்தான் வெற்றி: ஏ8இல் வரவிருக்கும் செக்கைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4க்குப் போயாக வேண்டும், அப்போது ராஜா பி3க்கு வந்து யானையையும் தாக்கும், சி1இல் செக்மேட்டுக்கும் வழி திறக்கும். டேபிள்பேஸோ சிப்பாயை யானையாக்குவதோடு, ராஜாவை உடனே பி3க்கு நகர்த்துவதையும் வெற்றி என்றே காட்டுகிறது. காரணம் எளிது: யானை டி3இல் செக் வைக்க, ராஜா சி2க்குத் திரும்ப, யானை மீண்டும் டி4க்கு வர, பழைய நிலையே வந்துவிடும். புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்றாலும், புதிர் உலகில் இது மாற்று விடை ஆகாது, வெறும் காலக்கழிப்பு. இந்த வேறுபாட்டை அறியாதவர் அருமையான ஒரு படைப்பைப் பிழையுள்ளது என்று ஒதுக்கிவிடக்கூடும்.

காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வுகள் கடந்தால் டிரா கோரலாம் என்னும் 50 நகர்வு விதியும் அப்படித்தான். வேறுவிதமாகக் குறிப்பிடப்படாத வரை இறுதியாட்டப் புதிர்களுக்கு அவ்விதி பொருந்தாது. அலெக்செய் திரோயித்ஸ்கி ஆராய்ந்த, சிப்பாய்க்கு எதிரான இரு குதிரைகளின் ஆட்டத்தில் செக்மேட்டுக்கு 115 நகர்வு வரை தேவைப்படும் நிலைகள் உண்டு. அத்தகைய வெற்றிகளை லிசெஸ் ‘50 நகர்வு விதியால் தடுக்கப்பட்ட வெற்றி’ எனத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. புதிர் தீர்ப்பவர் அதை முழு வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

இரண்டு நகர்வில் செக்மேட் போன்ற புதிர்களுக்கு தளத்திலுள்ள ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை 5 வரிகள் (நகர்வுத் தொடர்கள்) காட்டும்படி வைத்தால், இரண்டாவது வரியிலும் இரு நகர்வில் செக்மேட் வருகிறதா என்று பார்த்து மாற்று விடையைப் பிடிக்கலாம். இரு தரப்பும் ஒத்துழைத்துக் கறுப்பு ராஜாவைச் சிக்கவைக்கும் ஹெல்ப்மேட் புதிர்களுக்கு இத்தளம் உதவாது. அதற்குப் பாப்பாய் (Popeye) என்னும் இலவச மென்பொருளே பொருத்தம்.

நான் மிகவும் விரும்பும் வசதி ‘ஸ்டடி’. ஒரு தொகுப்பில் 64 அத்தியாயங்கள் வரை சேர்க்கலாம். அடுத்த நகர்வுகளை மறைத்துவைக்கலாம். ஊடாடும் பாடமாக அமைத்தால், படிப்பவர் தவறான நகர்வை ஆடும்போது நாம் முன்பே எழுதிவைத்த விளக்கம் தோன்றும். சாவேத்ரா புதிருக்கு நான் அமைத்த அத்தியாயத்தில், ராஜாவை பி3க்கு நகர்த்துபவருக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: ‘வெற்றி கைநழுவவில்லை, ஆனால் யானை செக் வைத்தால் சி2க்கே திரும்ப வேண்டியிருக்கும். அங்கிருந்து சிப்பாயை மறுபடியும் பாருங்கள்.’