நாசோவின் பொதுமன்னிப்பு நடைச் சுற்றுலா: ஒரு மதிப்பீடு

பஹாமாஸ் தலைநகரான நாசோவில் சொகுசுக் கப்பலை விட்டு இறங்குவோரை முதலில் வரவேற்பவை மண்டையோட்டுக் கொடிகளும் பிளாஸ்டிக் வாள்களும்தான். அந்தக் கடைத்தெருவைக் கடந்து, பிரித்தானிய மன்னர் முதலாம் ஜார்ஜ் கடற்கொள்ளையருக்கு அளித்த பொதுமன்னிப்பை மட்டுமே பொருளாக எடுத்துக்கொண்டு நகரைச் சுற்றிக் காட்டும் ஒரு நடைச் சுற்றுலாவை உள்ளூர்க்காரர்கள் சிலர் நடத்தி வருகிறார்கள். மன்னிப்பை அரசரின் கருணைச் செயலாகப் புகழாமல், அளந்து எழுதப்பட்ட சட்ட ஆவணமாக எடுத்துக்காட்டுவதே இதன் பெருஞ்சிறப்பு. வரலாற்றில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்கள் அந்தத் தீவுக்குப் போக நேர்ந்தால் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்திலேயே 1717 செப்டம்பர் 5 அன்று வெளியான பிரகடனத்தின் நகல் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் தருகிறார்கள். அதன் நிபந்தனைகளை வழிகாட்டி அவசரமில்லாமல் விளக்குகிறார். அடுத்து வரும் ஜனவரி 5-க்கு முன் செய்த கொள்ளைகளுக்கு மட்டுமே மன்னிப்பு. அதைப் பெற விரும்புவோர் 1718 செப்டம்பர் 5-க்குள் அமைச்சர் ஒருவரிடமோ குடியேற்றங்களின் ஆளுநர் அல்லது துணை ஆளுநரிடமோ சரணடைய வேண்டும். கெடு முடிந்த பிறகு பிடிபடும் கப்பல் தலைவன் ஒவ்வொருவனுக்கும் 100 பவுன், சாதாரண மாலுமிக்கு 20 பவுன் என்று பிடித்துக் கொடுப்போருக்குப் பரிசு உண்டு. தன் தலைவனைத் தானே காட்டிக்கொடுக்கும் கொள்ளையனுக்கோ 200 பவுன். மன்னிப்பும் தலைக்கு விலையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான், ஒரே கப்பலில் உண்டு உறங்கியவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்க அந்தத் தாளே போதுமானதாக இருந்திருக்கும் என்பது உறைக்கிறது.

அரசு ஏன் இவ்வளவு இறங்கிவந்தது என்பதையும் நன்றாகவே சொல்கிறார்கள். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையோடு ஸ்பானிய வாரிசுரிமைப் போர் ஓய்ந்ததும் ஆயிரக்கணக்கான கடற்படை மாலுமிகள் வேலையிழந்தனர். 1715 ஜூலையில் ஃபுளோரிடா கரையோரம் ஸ்பானியப் புதையல் கப்பல்கள் புயலில் உடைந்து மூழ்கியதும், அந்த வெள்ளியைத் தேடி வந்தவர்களில் பலர் அருகிலிருந்த நாசோவில் தங்கிவிட்டார்கள். ஆளுநரும் காவலும் இல்லாத துறைமுகம் அது. பரந்து கிடந்த அந்தக் கடலில் விரட்டிப் பிடிக்கப் போதிய போர்க்கப்பல்கள் அரசிடம் இல்லை. 1718 பிப்ரவரியில் 'ஃபீனிக்ஸ்' என்ற ஒற்றைப் போர்க்கப்பலுடன் வந்த வின்சென்ட் பியர்ஸ், சரணடைய ஒப்புக்கொண்ட 209 பேரின் பெயர்களைப் பட்டியலிட்டுச் சான்றிதழ் கொடுத்தார். கொள்ளையர் தலைவரான பெஞ்சமின் ஹார்னிகோல்டும் அவர்களில் ஒருவர். அதே வாரங்களில் பியர்ஸிடம் பிடிபட்டு, மன்னிப்பை ஏற்பதாகச் சொல்லி விடுதலை பெற்ற சார்லஸ் வேன் என்ற கொள்ளையன், சில வாரங்களிலேயே மீண்டும் கொள்ளைக்குப் புறப்பட்டுவிட்டான்.

சுற்றுலாவின் உச்சமாக நான் கருதுவது ஜனவரி 5 என்ற அந்த ஒரு தேதியைச் சுற்றி வழிகாட்டி எழுப்பும் கேள்விதான். பிரகடனம் செப்டம்பரில் வெளியாகிறது, ஆனால் ஜனவரி வரையிலான குற்றங்களையும் மன்னிக்கிறது. அப்படியானால் இடைப்பட்ட நான்கு மாதங்கள் கொள்ளையடிக்க அனுமதி கிடைத்ததாகத்தானே பொருள்? மறுபுறம், ஜனவரிக்குப் பின் குற்றம் செய்தவன் கெடுவுக்குள் வந்து சரணடைந்தாலும், எழுத்துப்படி அவனுக்குப் பாதுகாப்பு இல்லை. பிளாக்பியர்டு என்று அழைக்கப்பட்ட எட்வர்ட் டீச் 1718 மே மாதம் சார்லஸ்டன் துறைமுகத்தை முற்றுகையிட்டுக் கப்பல்களைக் கொள்ளையடித்தான்; அடுத்த மாதமே வட கரோலினா ஆளுநர் சார்லஸ் ஈடன் அவனுக்கு மன்னிப்பு வழங்கினார். தேதியைக் கணக்கிட்டால் அந்த முற்றுகை மன்னிப்பின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. அந்த மன்னிப்பைப் பொருட்படுத்தாமல் வர்ஜீனியாவின் ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் ஆளனுப்ப, நவம்பர் 22 அன்று ஒக்ரகோக் தீவருகே டீச் கொல்லப்பட்டான். ஓர் ஆளுநர் மன்னித்தவனை இன்னோர் ஆளுநர் வேட்டையாட முடிந்தது எப்படி என்ற கேள்வியை வழிகாட்டி எங்களிடமே விட்டுவிட, கூட்டத்தில் வெகுநேரம் விவாதம் நடந்தது. இப்படிச் சிந்திக்கவிடும் வழிகாட்டிகள் அரிது.

அடுத்து அழைத்துச் செல்லும் இடம் பிரிட்டிஷ் கலோனியல் ஹோட்டல். பழைய நாசோ கோட்டை நின்ற இடம் அதுதான். ஆளுநராக நியமிக்கப்பட்ட வுட்ஸ் ரோஜர்ஸ் 1718 ஜூலை இறுதியில் வந்தபோது, வேன் ஒரு கப்பலுக்குத் தீ வைத்து அதை அவருடைய கப்பல்களை நோக்கி மிதக்கவிட்டுத் தப்பினான். எஞ்சியவர்கள் மன்னிப்பை ஏற்றார்கள். அவர்களில் ஹார்னிகோல்டையே ரோஜர்ஸ் கொள்ளையரைப் பிடிக்கும் பணிக்கு அமர்த்தினார். அவர் பிடித்துவந்த, ஏற்கெனவே மன்னிப்புப் பெற்று வாக்கு மீறியவர்களில் எட்டுப் பேர் டிசம்பர் 12 அன்று கோட்டையின் அடியில் தூக்கிலிடப்பட்டார்கள். கூடியிருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் அவர்களுடைய பழைய கூட்டாளிகள். டென்னிஸ் மெக்கார்த்தி என்பவன் நீல நாடாக்களைக் கட்டிக்கொண்டு மேடையேறி, 'நீ செருப்போடுதான், அதாவது படுக்கையில் அல்லாமல், சாவாய்' என்று நண்பர்கள் சொன்னதைப் பொய்யாக்குவதற்காகக் காலணிகளை உதைத்துக் கழற்றினான். ஒன்பதாவதாகக் கொண்டுவரப்பட்ட ஜார்ஜ் ரவுன்சிவெல் தூக்குமேடையின் அடியிலேயே விடுவிக்கப்பட்டான். படைபலம் குறைந்த ரோஜர்ஸ், அன்று அந்தக் கூட்டத்தின் முன்னால் எவ்வளவு பெரிய துணிச்சலோடு நின்றார் என்பது அந்த இடத்தில் நின்று கேட்கும்போது நன்றாக விளங்குகிறது.

குறை என்று சொன்னால் முதன்மையானது இந்தியப் பெருங்கடலை முற்றிலும் விட்டுவிட்டதுதான். 1717-க்கு முன்பே, 1698-இல் மூன்றாம் வில்லியம் மன்னர் நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே திரிந்த கொள்ளையருக்கு ஒரு மன்னிப்பை அறிவித்திருந்தார். முகலாயப் பேரரசரின் கப்பலைக் கொள்ளையடித்த ஹென்றி எவரிக்கும், கேரளக் கரையருகே 'கெடா மெர்ச்சன்ட்' கப்பலைக் கைப்பற்றிய வில்லியம் கிட்டுக்கும் மட்டும் அதில் இடமில்லை. கிட்டின் ஆட்கள் சிலர் அதை நம்பி வட அமெரிக்கக் குடியேற்றமான மேற்கு ஜெர்சியின் ஆளுநரிடம் சரணடைந்தார்கள். ஆனால் சரணடைவோரை ஏற்கப் பிரகடனத்தில் பெயர் குறிக்கப்பட்ட ஆணையர்களில் அவர் ஒருவர் அல்ல என்று லண்டன் நீதிமன்றம் அவர்களுடைய வாதத்தைத் தள்ளிவிட்டது. 1717-இன் பிரகடனம் எந்த ஆளுநரிடமும் சரணடையலாம் என்று கதவை அகலத் திறந்துவைத்ததன் அருமை, இந்த முன்கதை தெரிந்தவருக்கே புரியும். நம் பக்கத்துக் கடலோடு நேரடித் தொடர்புடைய இந்தப் பகுதிக்கு அவர்கள் சில நிமிடங்களாவது ஒதுக்க வேண்டும்.

மாறாக, கடைசிப் பகுதியில் ராணியின் படிக்கட்டுக்கும் ஃபின்கேசில் கோட்டைக்கும் ஏற்றிச் செல்கிறார்கள். அந்தக் கோட்டை 1793-இல்தான் கட்டப்பட்டது. கொள்ளையர் காலத்துக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. மேலிருந்து துறைமுகம் முழுவதும் தெரிகிறது என்பதும், மன்னிப்பை ஏற்ற பின் 1720 ஆகஸ்டில் ஜாக் ராக்கம் என்ற கொள்ளையன், ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண்களோடு இதே துறைமுகத்திலிருந்து 'வில்லியம்' என்ற பாய்மரப் படகைத் திருடிச் சென்ற கதையை அங்கு சொல்கிறார்கள் என்பதும் ஓரளவு ஈடு செய்கின்றன. எனினும் வெயிலில் அந்த ஏற்றம் முதியவர்களுக்குக் கடினம். அவர்கள் ஹோட்டல் வாசலோடு விடைபெற்றுக்கொள்வது நல்லது.

கட்டணம் நியாயமானது, கூட்டமும் சிறியது என்பதால் கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால், பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் பிரகடனத்தின் நான்கைந்து நிபந்தனைகளை முந்தைய நாளே அவர்களுக்குத் தமிழில் சொல்லி வைத்தால், அவர்களும் தேதிகளைக் கணக்கிட்டு வழிகாட்டியோடு வாதாடுவார்கள். காலை நேரத்துச் சுற்றையே பதிவு செய்யுங்கள். தொப்பியும் குடிநீரும் உடன் இருக்கட்டும்.