உப்புக் காற்றில் ஒரு பட்டறை: கார் ஷெட்டில் நாலரை வருட அனுபவம்

வீடு ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் ஊர்ப் பக்கம். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் நிலம் மெலிந்துபோகிற இடம். சோழகக் காற்று அடித்தால் தெற்கிலிருந்து உப்பு வரும், வாடை திரும்பினால் வடக்கிலிருந்து வரும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்தால் வருடம் முழுக்கப் பிசுபிசுக்கும். இந்த இடத்தில் ஒரு பழைய கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்றி நாலரை வருடம் ஓட்டியிருக்கிறேன். மதுரையிலோ கோவையிலோ இருக்கிறவர்கள் சொல்லும் யோசனைகளைப் பார்த்துத்தான் நானும் ஆரம்பித்தேன். அதில் பாதி இங்கே செல்லுபடியாகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷெட் 10 அடி அகலம், 16 அடி நீளம். அப்பா அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில் கட்டியது. ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், முன்னால் இரும்பு ரோலிங் ஷட்டர். கார் போன பிறகு பழைய கட்டில், பேப்பர் மூட்டை என்று அடைந்து கிடந்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து, நம் கரையோரமாக மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது நினைவிருக்கும். அந்த மழையில் ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்டுக் கழுவிவிட்டபோதுதான் காலி ஷெட்டை முதல்முறையாகப் பார்த்தேன். தை மாதம் கையில் 40,000 ரூபாய் இருந்தது. கடன் வாங்குவதில்லை, அதற்குள் முடிகிற அளவு முடிப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. பணத்தில் பாதிக்கு மேல் சாமானில் போட்டுவிட்டேன். 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், சர்க்குலர் ரம்பம், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ஸ்பானர் செட். தரை, கதவு, கூரை எதையும் தொடவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆடி முதல் வாரம் ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். 12-13 ஸ்பானரின் வாய் ஓரத்தில் குரோம் பூச்சு கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது. நகத்தால் தட்டினேன், செதிலாக உதிர்ந்தது. அடியில் செம்மண் நிறத்தில் தூள். டிரில்லிங் மெஷினில் பிட்டைப் பிடிக்கும் சக்கு இறுகிப்போய்ச் சாவி போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகெல்லாம் கரையேறி மராமத்து நடக்கும், கழித்துப்போட்ட பலகை மலிவாகக் கிடைக்கும். உடைத்த படகு ஒன்றின் பலகையை 1,800 ரூபாய்க்கு வாங்கி வேலை மேஜைக்குப் போட்டேன். கனமான பலகை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதன் மேல் ராத்திரி வைத்த உளி, காலையில் பலகையைத் தொட்ட பக்கம் மட்டும் துருவேறிக் கிடந்தது. மேல் பக்கம் பளிச்சென்று இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் படகு கட்டும் ஆசாரி ஒருவர் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். கூட்டிவந்து காட்டினேன். உளியைப் பார்க்கவே இல்லை. பலகையின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார்.

“நாக்குல வச்சுப் பாரு தம்பி.”

வைத்துப் பார்த்தேன். கரித்தது.

“இருபது வருசம் கடல்ல கெடந்த பலகை. எத்தனை வெயில் காட்டுனாலும் உள்ள இருக்குற உப்பைக் கக்கிக்கிட்டேதான் இருக்கும். வேலி கட்ட வச்சுக்க. பெஞ்சுக்கு வேம்பு போடு, காலுக்குப் பனை போடு.”

சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். நம் ஊர் ராத்திரிகளில் அதைத் தாண்டுவது சாதாரணம். ஆக, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒரு படலம் இருந்தால் போதும், மழையே வேண்டாம். காற்றிலிருந்தே அது தண்ணீரை எடுத்து இரும்புக்கு ஊட்டிவிடும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் ‘சிக்ரி’ என்று சொல்வது, துருவைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தக் காற்றுக்காகத்தான். அதை முதலிலேயே யோசித்திருந்தால் என் 40,000 ரூபாயை வேறு மாதிரி செலவழித்திருப்பேன்: முதலில் தரை, கதவு, மின் இணைப்பு, மூடி வைக்கும் டிரம். அப்புறம்தான் சாமான்.

சரி, மேஜையிலிருந்தே தொடங்குகிறேன். ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், மேலே இரண்டு இன்ச் வேப்பம்பலகை, கால்களுக்குப் பனை. பனையில் வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரம்தான் பலம், உள்சோறு வெறும் நார். வைரம் உள்ள பக்கம் பார்த்து அறுக்கச் சொல்லி வாங்க வேண்டும். சின்னத் துளை போட்டுவிட்டுத்தான் பெரிய துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும். பனஞ்சிலாம்பு விரலில் ஏறினால் இரண்டு நாள் விண்விண் என்று தெறிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உயரம் நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு, எனக்கு 34 இன்ச். நாலு வருடமாகப் போட்டு அடித்திருக்கிறேன், ஆட்டம் இல்லை. இதன் மேல் பூட்டியிருக்கும், சாமானை இறுக்கிப் பிடிக்கும் 4 இன்ச் வைஸ் பழைய இரும்புக் கடையில் 1,200 ரூபாய்க்கு எடுத்தது. நான் வாங்கியதிலேயே நல்ல சாமான் அதுதான்.

போல்ட், நட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் ‘எஸ்.எஸ்.’, அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் 202 தரம். ஒரு மழைக்காலத்திலேயே என்னுடையது பழுப்பேறிவிட்டது. 304 பரவாயில்லை, அதிலும் டீக்கறை மாதிரி படியும். 316-ல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பைத் தாங்கும், விலை அதிகம். படகுச் சாமான் கடையில் தரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். எல்லா இடத்துக்கும் வேண்டாம், மேஜைக் காலுக்கும் கதவுக்கும் மட்டும் போட்டால் போதும்.

தரையில்தான் அதிகம் படித்தேன். பழைய சிமெண்ட் தரை பெயர்ந்து போயிருந்ததால் 2021 ஐப்பசிக்கு முன் மேலே புதுப்பூச்சு போட்டு, வாசலில் நாலு இன்ச் மேடு கட்டினோம். கொத்தனார் எங்கள் போர் தண்ணீரிலேயே கலவை கலக்கினார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தண்ணீர் குளிக்கவே ஆகாது, அவ்வளவு கரிப்பு. மூன்றே மாதத்தில் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பெருக்கினால் போகும், மறுபடி பூக்கும். முன்பாதியைக் கொத்தி எடுத்துவிட்டு, லாரியில் வாங்கிய குடிநீரில் கலந்து மறுபடி போட்டோம், பூச்சு காயாமல் இருக்க மேலே கட்டிய தண்ணீரும் குடிநீர்தான். அந்தப் பாதி இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. பின்பாதியைக் கையில் காசில்லாமல் விட்டேன், அங்கே இன்றும் பூக்கிறது. ஒரே ஷெட்டுக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறேன்.

வாசல் மேட்டுக்குப் பலன் 2024 நவம்பர் 20 அன்று தெரிந்தது. அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, எங்கள் பக்கமும் விடவில்லை. முற்றத்தில் தண்ணீர் மேட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

கூரையை மாற்ற வசதி இல்லை. பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதனால் அதில் துளை போடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். விளக்கு, மின்விசிறி எல்லாம் சுவருக்குச் சுவர் போட்ட பனைமரச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. மாசி கடைசியில் மேலே இரண்டு தடவை சுண்ணாம்பு அடிப்பேன், 400 ரூபாய்கூட ஆகாது. வெக்கை குறைகிறது. ஆனாலும் சித்திரை மத்தியானம் உள்ளே நிற்க முடியாது, காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் என் வேலை நேரம்.

மின் இணைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், லோடு கூடினால் லைனை நிறுத்தும் தனி எம்.சி.பி., அதோடு மின்கசிவு இருந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ‘இவ்வளவு எதுக்குண்ணே’ என்று எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டான். 2022-ல் ஒரு நாள் டிரில்லிங் மெஷின் வயர் மேஜை ஓரத்தில் உரசித் தோல் கிழிந்திருந்ததைக் கவனிக்காமல், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சுவிட்சை அழுத்தினேன். படக்கென்று ஒரு சத்தம், லைன் போய்விட்டது. கையில் சுருக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது, கதவருகே உட்கார்ந்து மரத்தூளில் விளையாடிக்கொண்டிருந்தாள். லைனைத் துண்டித்த அந்த ஆர்.சி.சி.பி.க்குக் கொடுத்த காசை அதற்குப் பிறகு நான் செலவாகவே நினைத்ததில்லை. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். மணல் மண் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை வாங்காது, கோடையில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மூன்றாவது வருடம் மண்மட்டத்தில் அரித்து, கையால் ஆட்டியதும் ஒடிந்து வந்தது. இப்போது செம்பு.

மெஷின்களில் கிரைண்டர் உழைக்கிறது. இரண்டு முறை கார்பன் பிரஷ், ஒரு முறை பேரிங், வேறு தொந்தரவு இல்லை. சர்க்குலர் ரம்பத்தை நாலு தடவைகூட எடுக்கவில்லை, அந்தக் காசுக்குக் கைரம்பமும் நல்ல இழைப்புளியும் வாங்கியிருக்கலாம். வெல்டிங் மெஷின் பதினாலாவது மாதம் நின்றுபோனது. மெக்கானிக் மூடியைக் கழற்றிக் காட்டினார், உள்ளே சர்க்யூட் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மெஷினைக் குளிர வைக்கும் விசிறியே வெளியிலிருந்து உப்புக் காற்றை இழுத்து உள்ளே அடித்திருக்கிறது. 2,800 ரூபாய் செலவு. போர்டுக்கு வார்னிஷ் பூச்சு போட்டு வாங்கினேன். வேலை முடிந்து ஆறியதும் மூடியுள்ள பெட்டிக்குள் போய்விடும், மூன்று வருடமாகப் பிரச்சினை இல்லை. வெல்டிங் ராடிலும் ஈரம் பட்டால் வெல்டில் புழுத்துளை விழும். பி.வி.சி. பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர், வீட்டு லைனில் தாராளமாக ஓடுகிறது. தெருவில் எல்லோரும் கேட் ஒடிந்தால் வருவார்கள், செய்து கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. வீட்டு இணைப்பில் தொழில் செய்யக்கூடாது.

ஷட்டரை 2023-ல் கழற்றினேன். அடிப்பட்டை சல்லடையாகிவிட்டது. உண்மையில் அது நன்றாக இருந்தபோதும் காற்றை நிறுத்தியதில்லை, ஒவ்வொரு இடுக்கிலும் உப்பு உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது. இப்போது வேப்பஞ்சட்டத்தில் பலகை அடித்த இரட்டைக் கதவு, பித்தளைக் கீல், அடியில் பழைய லாரி டியூபை வெட்டி அடித்த ரப்பர். 9,500 ரூபாய். துரு பாதியாகக் குறைந்தது இந்தக் கதவுக்குப் பிறகுதான். வெல்டிங்கும் அறுப்பும் நடக்கும்போது மட்டும் அகலத் திறந்து வைப்பேன், புகையும் தூசியும் வெளியே போக வேண்டுமே.

கைச்சாமான்களை எண்ணெய் தடவி வைத்தால் போதும் என்று சொல்வார்கள். உப்பின் மேல் எண்ணெய் தடவினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், பிறகு காய்ந்த துணி, அதற்குப் பிறகுதான் மெஷின் ஆயில். போர் தண்ணீரில் துடைத்தால் துடைக்காமல் இருப்பதே மேல், நான் ஒரு வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். காவிரித் தண்ணீர் வருகிற அன்று ஒரு பாட்டில் பட்டறைக்கென்று பிடித்து வைத்துவிடுவேன். தேங்காய் எண்ணெயும் தடவிப் பார்த்தேன், ஆறு மாதத்தில் சிக்குப் பிடித்துத் தூசி ஒட்டியது. துடைத்ததெல்லாம் வளையம் பூட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்குள் போகும். உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது இளஞ்சிவப்பானால் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் அந்த நீலச்சாயம் நஞ்சு, சமையல் சட்டியில் வறுக்கவே கூடாது. அதற்கென்று ஒரு பழைய தோசைக்கல் தனியாக வைத்திருக்கிறேன்.

பெயிண்ட் அடிக்கும்போதும் இதே முறைதான்: சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அதற்குப் பிறகு பிரைமர். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, சுரண்டிக் கழுவத்தான் முடியும். அதை ஒழுங்காகச் செய்த ஜன்னல் கம்பி எனக்கு மூன்று வருடம் தாங்கியது, அவசரத்தில் கழுவாமல் அடித்த கேட் எட்டு மாதத்தில் உரிந்தது.

இதுவரை மொத்தம் 68,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கதவும் தரையும் முதலிலேயே செய்திருந்தால் சுமார் 12,000 மிஞ்சியிருக்கும்.

போன வருடம் ஆசாரியண்ணன் கண் மங்கிப்போய் வேலையை நிறுத்தினார். அவருடைய இழைப்புளியை என்னிடம் கொடுத்துவிட்டார். வாரம் ஒருநாள் அதைக் கழற்றித் துடைத்து வைக்கிறேன். சாயங்காலம் வந்தால் உட்காருவதற்கு முன் டிரம்மைத் திறக்கச் சொல்லி, இழைப்புளியின் அலகை உருவி, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். போன வாரமும் பார்த்தார், ஒரு புள்ளி இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் குனிந்து தடவினார்.

“அடி ரப்பர் கிழிஞ்சிருக்கு. வாடைக்கு முன்ன மாத்திரு தம்பி.”

ஞாயிற்றுக்கிழமை டியூப் வாங்கப் போகிறேன்.