இத்தாலிய மொழியை எங்கே தொடங்குவது: சொந்தப் பல்கலைக்கழகமா, பெருஜியாவா, சியெனாவா, பாலெர்மோவா?

மிலானிலோ துரினிலோ ஆங்கிலவழி முதுகலைக்கு இடம் கிடைத்த நம் மாணவர்கள் பலர் “கோர்ஸ் இங்கிலீஷ்லதானே” என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறிவிடுகிறார்கள். கோர்ஸ் ஆங்கிலம்தான். ஆனால் வீட்டு உரிமையாளர், தபால் நிலையக் கவுன்ட்டரில் இருப்பவர், மருந்துக்கடைக்காரர், பகுதிநேர வேலை கொடுக்கும் ரெஸ்டாரன்ட் முதலாளி யாரும் அந்த கோர்ஸில் சேரவில்லை. ஆக, ஏ1 என்கிற முதல் படியையாவது ஏறியாக வேண்டும். எங்கே ஏறுவது என்பதுதான் கேள்வி.

நான்கு இடங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: நீங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் மொழி மையம், பெருஜியாவிலும் சியெனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே உள்ள இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள், பாலெர்மோ பல்கலைக்கழகத்தின் இதாஸ்த்ரா பள்ளி. கட்டணம், சான்றிதழ், பாடநூல் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வகுப்பு இடைவேளையில் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்? தொடக்கநிலை மாணவருக்கு ஆசிரியர் பாதி சொல்லிக்கொடுக்கிறார் என்றால் மீதியை அந்த இடைவேளைதான் சொல்லிக்கொடுக்கிறது.

சொந்தப் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் இருந்து தொடங்கலாம். ஏறத்தாழ எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் ‘சென்த்ரோ லிங்குவிஸ்திகோ’ என்று ஒன்று உண்டு. முதலில் ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். எதுவும் தெரியாதவருக்கு அதுவும் தேவைப்படாது. பொதுவாக வாரத்துக்கு இரண்டு நாள் மாலை வகுப்பு, ஒரு செமஸ்டர். பதிவு செய்த மாணவர்களுக்குப் பல இடங்களில் இலவசம் அல்லது குறைந்த கட்டணம். பெரிய லாபம் கிரெடிட்டில் இருக்கிறது. இத்தாலியில் ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு. மாநில ஸ்காலர்ஷிப் வாங்குபவர்கள் முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் பொதுவாகக் குறைந்தது 20 கிரெடிட் காட்ட வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் கைவிட்டுப்போனால் அந்தக் கணக்கு கழுத்தை நெரிக்கும். உங்கள் பாடத்திட்டம் மொழி வகுப்பை ஏற்றுக்கொள்கிறது என்றால், அதில் கிடைக்கும் இரண்டு மூன்று கிரெடிட் அப்போது கைகொடுக்கும். இதைத் துறை அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

குறை அந்த இடைவேளையில்தான். ஆங்கிலவழிப் படிப்புக்கு வந்தவர்களே வகுப்பு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஈரானியர், துருக்கியர், பாகிஸ்தானியர், நாம். எல்லாருக்கும் ஆங்கிலம் வரும். ஆசிரியர் பெட்டியை மூடிய நொடியில் பேச்சு அசைன்மென்ட், வாடகை, விசா என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அப்புறம் நவம்பர் முடிந்தால் புராஜெக்ட் நெருக்கடி. மாலை வகுப்புதான் முதலில் பலியாகும். தொடக்கநிலை வகுப்பு அக்டோபரில் நிரம்பி வழிந்து டிசம்பரில் பாதியாவது எந்த ஊரிலும் வழக்கமான காட்சி.

இதற்கு நேரெதிர் பெருஜியாவும் சியெனாவும். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் பழைய போட்டியாளர்கள். சியெனாவில் வெளிநாட்டவருக்கான வகுப்புகள் 1917-இல் தொடங்கின. பெருஜியாவில் 1921. இரண்டுக்கும் இன்றைய பல்கலைக்கழக அமைப்பைத் தந்தது 1992-இல் வந்த ஒரே சட்டம். பாடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மாதக்கணக்கில் தினசரி வகுப்பு, முதல் நாளிலிருந்தே இத்தாலியன் மட்டும், கட்டணம் மாதத்துக்குச் சில நூறு யூரோ. எழுதிக்கொடுக்கும் பாடத்திட்டத்தை மட்டும் வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஊரைப் பார்க்க வேண்டும்.

பெருஜியாவில் வகுப்பு நடக்கும் கல்லெங்கா அரண்மனை பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். வாசலில் இறங்கினால் எதிரே ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்கர் காலத்துக் கல்வளைவு, அதைத் தாண்டி ஏறினால் பழைய நகரம். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் பன்னிரண்டே காலுக்கு நீங்கள் ஒரு பாரில் காபி கேட்டு நிற்கலாம். சியெனாவில் பல்கலைக்கழகக் கட்டடம் கோட்டைச் சுவருக்கு வெளியே, ரயில் நிலையத்துக்கு எதிரே. மேலே ஊருக்குள் போக எஸ்கலேட்டர் வரிசை இருக்கிறது, கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் நேரே அறைக்குப் போய்விடும் ஆபத்து அங்கே அதிகம். ரயிலில் வந்துபோகிறவர்களுக்கு மட்டும் அதுவே சௌகரியம்.

அடுத்தது காது. சியெனா இருக்கும் தொஸ்கானா பகுதிக்காரர்கள் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ககரத்தை ஹகரமாக ஊதிவிடுவார்கள். கோகோ-கோலா கேட்டால் ‘ஊனா ஹோஹா-ஹோலா’ என்று திரும்பச் சொல்வார்கள். அவர்களைக் கேலி செய்ய மற்ற ஊர்க்காரர்கள் கையில் வைத்திருக்கும் உதாரணமே அதுதான். வகுப்பில் ஆசிரியர் ‘லா காஸா’ என்று தெளிவாகச் சொல்வார். தெருவில் காய்கறிக்காரர் ‘லா ஹாஸா’ என்பார். மூன்றாவது மாதத்தில் இது வேடிக்கை. முதல் வாரத்தில், ஏற்கெனவே ஒன்றும் பிடிபடாத நிலையில், கூடுதல் மூட்டம். பெருஜியாவுக்கும் தனி உச்சரிப்பு உண்டு, ஆனால் இந்த அளவுக்குத் தொடக்கநிலைக் காதைக் குழப்பாது. “சுத்த இத்தாலியன் படிக்க வேண்டுமென்றால் சியெனாதான்” என்று பழைய வழிகாட்டிகளில் வரும் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று கோடை. பட்டப்படிப்பு தொடங்குமுன் ஒரு மாதம் மொழி படிக்கலாம் என்று திட்டமிடுபவர்களுக்குக் கிடைப்பது ஆகஸ்ட், செப்டம்பர். சியெனாவில் ஆகஸ்ட் 16 பாலியோ குதிரைப் பந்தயம். ‘கொன்த்ராதா’ எனப்படும் பதினேழு ஊர்ப்பகுதிகளும் கொடி, மேளம், தெருவிருந்து என்று இருக்கும் அந்த நாட்களில் ஊரின் அழகே வேறு. ஆனால் அறை வாடகை எகிறும், ஊர்க்காரர்கள் வெளியாளிடம் நின்று பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் எந்த இத்தாலிய நகரமும் பாதி கடையடைப்பில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் என்றால் சியெனாவின் மீது எனக்குப் புகாரில்லை.

பக்கத்து பெஞ்சுக் கேள்வியில் இரண்டும் ஏறத்தாழ சமம். சீன மாணவர்கள் பட்டப்படிப்பில் சேருமுன் மொழி படிப்பதற்கென்றே மார்கோ போலோ, துரந்தோத் என்று இரண்டு திட்டங்கள் உண்டு. அவர்களில் பலர் இந்த இரண்டு ஊர்களுக்கும் வருகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் சீனத்தில் பேசிக்கொள்வார்கள். மிச்சம் இருக்கும் தென் அமெரிக்கர், ஐரோப்பியர், கொரியர் நடுவில் நீங்கள் ஒற்றைத் தமிழராக மாட்டிக்கொள்வீர்கள். அது நல்லதுக்குத்தான். பெருஜியாவுக்கு இங்கேயும் சின்ன முன்னிலை: 1308-இல் தொடங்கிய வேறொரு பெரிய பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருப்பதால், இத்தாலிய மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை பிடிக்கலாம். சியெனாவிலும் அப்படி ஒரு பழைய பல்கலைக்கழகம் உண்டு, ஆனால் ஊர் சிறியது, சுற்றுலா விலை. சமையலறையில் ‘என் பால் யார் குடித்தது’ என்று இத்தாலியனில் சண்டை போட ஆளிருக்கிற வீடாகப் பாருங்கள்.

ஒரு மாதம் இந்த மாதிரி வகுப்பில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஏ1 முதல் வாரத்தில் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். இத்தாலிய எழுத்துகள் 21 மட்டுமே. ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் அதில் இல்லை. ஜெயக்குமார் என்று பெயர் வைத்தவர் நிலையைப் பாருங்கள்: ஜே என்பது ‘இ லுங்கா’, ஒய் ‘இப்ஸிலொன்’, கே ‘காப்பா’. மற்ற எழுத்துகளுக்கு ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும்: ஆ கொமெ அங்கோனா, எம்மெ கொமெ மிலானோ, எர்ரெ கொமெ ரோமா. இதைப் பத்துப் பேர் முன்னால் பலமுறை சொல்லிப் பழகியவர், வங்கியிலும் மருத்துவமனை ரிசப்ஷனிலும் தொலைபேசியிலும் தடுமாற மாட்டார். மாலை வகுப்பில் இதே பயிற்சி ஒரே சுற்றோடு முடிந்துவிடும். கிளாஸ் பெரியது, நேரம் குறைவு.

நம் ஆட்களுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. புளிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ‘காஸா’ வீடு, ‘காஸ்ஸா’ பணம் கட்டும் இடம் என்பது ஆங்கிலக்காரருக்கு மாதக்கணக்கில் பிடிபடாது, நமக்கு அன்றே பிடிபடும். வினைச்சொல்லின் கடைசியிலேயே ஆள் தெரிந்துவிடுவதும் பழகியதுதான். பாதகம், நோட்டில் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது. இந்தக் கட்டுரையில் நான் செய்வதுபோல. க-வும் ப-வும் எந்த ஒலி என்று பரீட்சைக்கு முந்தின இரவு தெரியாது. செய்யாதீர்கள்.

பாலெர்மோவைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாலெர்மோ பல்கலைக்கழகத்தின் இதாஸ்த்ரா, மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே பழைய சாந்தந்தோனினோ மடத்தில் இயங்குகிறது. அங்கே எராஸ்முஸ் என்னும் ஐரோப்பியப் பரிமாற்றத் திட்டத்தில் வந்த மாணவர்களோடு, கடல் கடந்து தனியாக வந்த ஆப்பிரிக்க, வங்கதேச இளைஞர்களும் படிக்கிறார்கள். பள்ளிக்கே போகாதவர்களுக்கு எழுத்தறிவிப்பதில் பெயர் வாங்கிய பள்ளி அது. என் கேள்விக்கு மிகச் சிறந்த பதில் கிடைப்பது இங்கேதான். பக்கத்தில் இருப்பவருக்கு மாந்திங்கா என்ற ஆப்பிரிக்க மொழியும் கொஞ்சம் பிரெஞ்சும் தெரியும், உங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும்; இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த இத்தாலியன் ஒன்றுதான். அதிலேயே பந்தாட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஆனால் பாலெர்மோவில் வேறு ஒரு பொறி இருக்கிறது: நம்மவர்கள். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு இந்துத் தமிழரும் நடந்து ஏறுவது ஊரறிந்த விஷயம். அறை பார்த்துக்கொடுக்க ஓர் அண்ணனும் சோறு போட ஓர் அக்காவும் கிடைத்துவிடுவார்கள். மாலையில் இத்தாலியன் பேசத் தேவையே இருக்காது. இதற்கு அடுத்ததாக, பாலெர்மோ இருக்கும் சிசிலித் தீவின் சிசிலிய மொழி. சந்தைக்குப் போனால் காதில் விழுவது அது. இத்தாலியனிலேயே பேசினாலும் சிசிலியில் இறந்தகாலத்துக்கு ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்னும் வடிவத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். தொடக்கநிலைப் பாடத்தில் சொல்லித்தருவதோ ‘பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’. நேற்று போனேன் என்பதற்கு நீங்கள் படித்தது ‘சோனோ அந்தாத்தோ’, கேட்பது ‘அந்தாய்’. சிசிலியிலேயே படிக்கப் போகிறவர் தவிர மற்றவர்கள் இதற்காகத் தெற்கே போக வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கான அரசுப் பள்ளிகள், சுருக்கமாக சி.பி.ஐ.ஏ. அங்கே ஏ1-க்கு 100 மணி நேரம், ஏ2-க்கு 80 மணி நேரம். செலவு ஏறத்தாழ இல்லை. கட்டடத் தொழிலாளர், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அவர்கள் பிள்ளைகள் என்று கலவையான வகுப்பு, ஆங்கிலம் ஓடாது. வேகம் மட்டும் மெதுவாக இருக்கும். ஓர் இன்ஜினியரிங் மாணவருக்குப் பொறுமை இருந்தால், சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பைவிட இதுவே மேல் என்பேன். செப்டம்பர், அக்டோபரிலேயே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது சந்தேகம்.

சான்றிதழைப் பற்றி நிறையக் குழப்பம். மொழி மையம் தரும் தாள் பல்கலைக்கழகத்துக்குள் கிரெடிட்டுக்குச் செல்லும். நீண்டகாலக் குடியிருப்பு அனுமதிக்கு ஏ2 வேண்டும், 2018 சட்டத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு அதற்கடுத்த நிலையான பி1 வேண்டும். அங்கே கேட்பது சியெனாவின் சில்ஸ், பெருஜியாவின் செலி போன்ற அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்கள். தொடக்கநிலையில் இதற்காகப் பணம் கட்ட அவசியமில்லை. சில்ஸில் சில பகுதிகளில் மட்டும் தோற்றால் அவற்றை மட்டும் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்ப எழுதலாம் என்பதைப் பின்னால் தேவைப்படும்போது நினைவில் வையுங்கள்.

சரி, யார் எதை எடுப்பது? கையில் ஒரு மாதமும் கொஞ்சம் பணமும் இருந்தால் பெருஜியாவில் ஏ1 முடித்துவிட்டு, ஏ2-வைச் சொந்தப் பல்கலைக்கழக மொழி மையத்தில் கிரெடிட்டோடு படியுங்கள். இரண்டும் இல்லாதவர் சி.பி.ஐ.ஏ.வும் மொழி மையமும் சேர்த்து ஓட்டலாம். ஆங்கிலவழி மருத்துவம் படிக்க வந்தவர்களுக்கு மட்டும் விதி வேறு. பாவியா நகரமானாலும் ரோமானாலும் சில ஆண்டுகளில் வார்டுக்குள் போனதும் நோயாளி தன் வலியை இத்தாலியனில்தான் சொல்வார். அவர்கள் முதல் ஆண்டுக் கோடையையே தீவிர வகுப்புக்கு ஒதுக்க வேண்டும். மாலை வகுப்பு போதவே போதாது.

பெருஜியா வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு காகித எச்சரிக்கை. நீண்டகால மாணவர் விசாவில் இத்தாலிக்குள் வந்து எட்டு வேலை நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கோப்பு நீங்கள் இருக்கும் மாகாணத்தின் போலீஸ் அலுவலகத்துக்குப் போகும். விரல்ரேகை வைக்கவும் அங்கேதான் கூப்பிடுவார்கள். பெருஜியா முகவரி கொடுத்துவிட்டு மிலானுக்குக் குடிபெயர்ந்தால் கோப்பு ஓரிடம், ஆள் ஓரிடம். ஆகவே விமான டிக்கெட் போடுமுன் பட்டப்படிப்புப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, எந்த முகவரியில் விண்ணப்பிப்பது என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.