ரீப்பர்: ஆறே டிராக்கில் ஒரு கிட்டார் பாட்டு, மூன்று நண்பர்களின் காதுகள்

இரண்டு மாதமாக ஒரே பாட்டோடு உட்கார்ந்திருந்தேன். தங்கை பாடியது. ஒரு அகூஸ்டிக் கிட்டார், அதற்கு இரண்டு மைக், அவளுடைய குரல், இரண்டு ஹார்மனி, கஞ்சிரா என்று மொத்தம் ஆறு டிராக், அதாவது தனித்தனி ஒலித்தடங்கள். மிக்ஸ், அதாவது அவற்றை ஒரே பாட்டாகக் கலக்கும் வேலை, முழுக்க ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தான் செய்தேன், அதுவும் கூடவே வரும் பிளகின்களை (ஒலியை மாற்றும் துணைக் கருவிகளை) மட்டும் வைத்து. பாட்டு முடிந்த சூட்டோடு எழுதுகிறேன்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர், பெரிய அளவில் தொழில் செய்பவர்களுக்கு 225 டாலர். ஒருமுறை வாங்கினால் அடுத்த பெரிய பதிப்புக்கும் சேர்த்துச் செல்லும். வின்ஆம்ப் என்ற பழைய பாட்டு பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் நிறுவனம்தான் இதையும் செய்கிறது, அந்தச் சிக்கனம் இதிலும் தெரிகிறது. என் பழைய லேப்டாப்பில் ஒருமுறைகூடத் திணறவில்லை.

ஆறே டிராக் என்பதால் வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். முப்பது டிராக் உள்ள பாட்டில் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். இங்கே ஒளிய இடமே கிடையாது. விரல் கம்பியில் உரசுவது, மூச்சு, ஒரு டேக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, எல்லாம் அப்படியே கேட்கும். மின்விசிறிக்கு ரியாஃபிர் என்ற பிளகின் கை கொடுத்தது: பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த இரண்டு விநாடி இரைச்சலை அதற்குக் கேட்கவிட்டு, சப்ட்ராக்ட் முறையில் கழிக்கச் சொன்னேன். அளவாகக் கழிக்க வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் ரீப்பரை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பிளகின்கள் இல்லை. என்னைப் போலவே வீட்டில் மிக்ஸ் செய்யும் நண்பர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு எம்பி3தான் அனுப்பினேன். "கிட்டார் மூடினாப்ல இருக்கு", "குரலுக்குக் கொஞ்சம் காத்து வேணும்" என்று பதில் வந்தது. சரிதான், ஆனால் எதைத் திருகுவது? அப்போது அவர்களில் மூத்தவரான ஒரு அண்ணன், "புராஜெக்டையே அனுப்புப்பா" என்றார். சேமிக்கும்போது ஆடியோ எல்லாவற்றையும் அதே ஃபோல்டருக்கு நகலெடுக்கும் வசதி இருக்கிறது. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நான்கு நிமிடப் பாட்டு, ஆறு மோனோ டிராக்குக்கு 190 எம்பி சுமாராக வந்தது. அதை ஒருமுறை அனுப்பியதோடு சரி. ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான் என்பதால், அதன்பின் அந்தச் சின்னக் கோப்பு மட்டும் எங்களுக்குள் போய்வந்தது. அவர் அனுப்பியதை இன்னொரு டேபில் திறந்தால் என் ஆடியோ, அவருடைய அமைப்புகள். எந்த இடத்தில் எத்தனை டெசிபல் வெட்டினார் என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எந்தப் பாடமும் எனக்கு இப்படிப் புரிந்ததில்லை.

அந்த "மூடினாப்ல" விஷயம்தான் பெரிய திறப்பு. நான் அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ரியாஈக்யூ பிளகினில் மேல் அலைவரிசைகளை ஏற்றிக்கொண்டே இருந்தேன். அண்ணனோ ஈக்யூவைத் தொடவேயில்லை, எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில், இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார், கிட்டாரின் உடம்பே காணாமல் போயிருக்கிறது. ஒரு மைக் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே பக்கத்தில், இன்னொன்று அதைவிடச் சுமார் 34 செ.மீ. தள்ளி. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 1 மில்லிவிநாடி ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டையும் ஒரே அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என்று வரிசையாகக் குழி விழும். அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, தள்ளி இருந்த மைக்கின் டிராக்கை 44 சாம்பிள் (அதே 1 மில்லிவிநாடி) முன்னால் நகர்த்தினார், அவ்வளவுதான். ஒரே ஸ்பீக்கர் உள்ள மொபைலில் போட்டாலும் இப்போது கிட்டார் நிற்கிறது. நான் ஏற்றி வைத்த ஈக்யூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஒன்றும் தேவைப்படவில்லை.

மார்க்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் எம் அழுத்தினால் பாட்டின் அந்த இடத்தில் பெயரோடு மார்க்கர், அதாவது ஒரு குறிப்பு, விழும், மூவரும் கருத்துகளை அப்படியே பாட்டின் மேல் எழுதி அனுப்பினார்கள். மூன்றையும் என் கோப்பில் சேர்த்துப் பார்த்தபோது இரண்டாவது சரணத்தின் தொடக்கத்தில் மூன்று மார்க்கர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒருவர் கிட்டாரைக் குறைக்கச் சொன்னார், ஒருவர் குரலை ஏற்றச் சொன்னார், இன்னொருவர் ரிவெர்பை (எதிரொலிப்பை) எடுக்கச் சொன்னார். மருந்து வேறு வேறு, வலி ஒரே இடத்தில். அங்கேதான் கிட்டார் விரலிலிருந்து பிக்குக்கு மாறுகிறது, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குரலோடு மோதுகிறது. அந்தச் சரணத்தில் மட்டும் கிட்டாரின் அந்த இடத்தை ஆட்டோமேஷனில் (நேரத்துக்கேற்பத் தானாக மாறும் வசதி) 2 டெசிபல் இறக்கியதும் மூவருமே ஒத்துக்கொண்டார்கள். அதேபோல் "பொண்ணு கல்யாண மண்டபத்துல பாடுது, கிட்டார் படுக்கையறையில வாசிக்குது" என்று ஒரு மார்க்கர். உண்மை. இரண்டையும் ரியாவெர்ப் என்ற ஒரே ரிவெர்ப் பிளகினுக்கு அனுப்பியபின்தான் ஒரே அறைக்குள் வந்தார்கள்.

பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்துங்கள், சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது ஏமாறும். பாட்டைக் கோப்பாக எடுக்கும் ரெண்டர் சாளரத்திலேயே, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் எல்யுஎஃப்எஸ் கணக்கு கிடைக்கிறது.

குறைகள்? வாத்திய ஒலிகள் கூடவே வருவதில்லை, பியானோவோ டிரம்ஸோ வேண்டுமென்றால் தனியாகத் தேட வேண்டும். பிளகின்களின் தோற்றம் வறட்சியானது. மெனுக்களின் எண்ணிக்கை முதல் வாரத்தில் மிரட்டும், ரீப்பர் பாடம் நடத்தும் கென்னி ஜியோயாவின் வீடியோக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பழகினால் போதும். ரியாவெர்பேட் என்ற இன்னொரு ரிவெர்ப் மென்மையான குரலுக்கு எனக்குப் பிடிக்கவில்லை, இம்பல்ஸ் கோப்புகளை (ஓர் இடத்தின் எதிரொலிப் பதிவுகளை) ஏற்றி ரியாவெர்ப் பயன்படுத்துவது மேல். நண்பர்கள் வேறு மென்பொருளில் இருந்தால் நான் சொன்ன இந்தப் பரிமாற்றம் நடக்காது, அது பெரிய விஷயம்தான்.

ஐந்தாவது முறை கோப்பு திரும்பி வந்தபோது அண்ணனிடமிருந்து ஒரே ஒரு மார்க்கர், கடைசிப் பல்லவியில்: "கஞ்சிரா ஒரு டெசிபல்." ஏற்றிவிட்டு, தங்கையைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.