‘பராமரிப்பே வேண்டாத ரோஜா’ என்று சரிவுக்குக் கன்று விற்கிறார்கள்: குமரி மாவட்டத்தார் கவனத்துக்கு

புது வீட்டு முற்றத்துக்குச் செடி வைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களில் சிலர் சமீப காலமாக ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுகிறார்கள். சரிவு முழுவதும் இளஞ்சிவப்பு ரோஜா, இலை தெரியாத அளவுக்குப் பூ, இடையில் ஒரு களைகூடக் கிடையாது. ‘கிரவுண்ட் கவர் ரோஜா, தரையை மூடிப் படரும். ஒருமுறை நட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், மருந்து வேண்டாம், கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) வேண்டாம், களை எடுக்கும் வேலையும் போய்விடும்’ என்று சொல்கிறார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்சரிவுக்கு அந்தப் பேச்சை நம்பித்தான் கன்று வாங்கினோம். படத்தில் இருந்த ரோஜா வரவில்லை. வந்தது என்ன, அதை எப்படி மறைத்தார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் என்று இதே படத்தோடு வேறு வீட்டுக் கதவுகளும் தட்டப்படலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தரையில் படரும் ரோஜா என்பது கட்டுக்கதை இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் நோவாக் 1980களின் இறுதியில் வெளியிட்ட ‘ஃபிளவர் கார்ப்பெட்’ அப்படிப்பட்டது. ஒன்றரை அடி உயரத்தில் நின்று இரண்டரை அடி அகலத்துக்குப் பரவும் ‘டிரிஃப்ட்’ வரிசையும் உண்டு. ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்ற ரோஜாத் தேர்வு நடக்கிறது. பல ஊர்த் தோட்டங்களில் மூன்று ஆண்டுகள் மருந்தே தெளிக்காமல் வளர்த்து, நோய் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் முத்திரை கொடுக்கிறார்கள். ஆகவே ‘குறைந்த பராமரிப்பு’ என்ற பெயர் சில ரகங்கள் உழைத்துச் சம்பாதித்த பெயர். அவற்றுக்கும் குளிர்காலம் முடியும்போது ஆண்டுக்கு ஒரு கவாத்து உண்டு. நட்ட முதல் ஆண்டு தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். கொடிகள் நெருங்கித் தரையை மூடும்வரை களையும் எடுத்தாக வேண்டும். இவை எதையும் எங்களுக்குச் செடி விற்றவர் சொல்லவில்லை.

காட்டிய படங்களிலேயே ஏமாற்று இருந்தது. அவற்றில் ஒன்று ‘நாக் அவுட்’ ரோஜா. அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் விற்பனைக்கு வந்தது. நல்ல செடிதான், ஆனால் மூன்று நான்கு அடி உயரத்துக்கு நிமிர்ந்து வளரும் புதர். தரையில் படரும் ரோஜா என்று அதன் படத்தைக் காட்டுகிறவருக்குச் செடியைப் பற்றித் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ரகத்தின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். “வெளிநாட்டு ரகம் அக்கா, பெயரெல்லாம் நர்சரிக்காரருக்குத்தான் தெரியும்” என்றார். ரசீது கேட்டேன். “வேலை முடியட்டும் அக்கா, எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தருகிறேன்” என்றார். விலை, சந்தையில் ஒரு சாதாரண ஒட்டு ரோஜாவுக்குக் கேட்பதைப்போல நான்கு மடங்கு. பாதிப் பணம் முன்பணமாகவும், மீதி நட்டு முடித்த அன்றும் வாங்கிக்கொண்டார். ஓராண்டுக்கு வந்து பார்த்துக்கொள்வதாக வாய்வார்த்தை.

நட்ட அன்று சரிவு மிக அழகாக இருந்தது. ஒவ்வொரு கன்றின் தண்டும் நாலாபக்கமும் தரையை ஒட்டிப் படுத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது, வளைத்த கம்பித் துண்டுகளால் தண்டுகள் மண்ணோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. காற்றில் அசையாமல் இருக்க என்று விளக்கம் சொன்னார். இந்த இடத்தில்தான் எல்லோரும் கூர்ந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்து வளரும் எந்த ரோஜாவின் இளந்தண்டையும் வளைத்துத் தரையோடு கிடத்தினால், பக்கத் துளிர்களைத் தடுத்துவைக்கும் நுனி மொட்டின் ஆதிக்கம் போய், தண்டு நெடுகிலும் உறங்கிக்கொண்டிருந்த கணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துளிர்க்கும். அதனால் முதல் சில வாரங்களுக்குச் செடி படர்வதுபோலவே தெரியும், பூவும் நிறையப் பூக்கும். பிறகு அந்தத் துளிர் ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்து நேராக எழும். எங்கள் சரிவில் அதுதான் நடந்தது. பணம் முழுவதும் கைமாறிய பிறகு, கம்பிகள் துருப்பிடித்துக் கழன்ற பிறகு, படர வேண்டிய செடிகள் விறைப்பாக எழுந்து நின்றன. படர்ந்து வளர்வது தண்டின் இயல்பாக இருந்தால் அதைக் கம்பியால் பிடித்து வைக்கத் தேவையே இல்லை.

அதற்குள் ஜூன் மாதச் சாரல் பிடித்துக்கொண்டது. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் நாள்கணக்கில் இலை காயாது. ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்கு இதைவிட வசதி வேண்டாம். இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே அந்தப் பூஞ்சணம் உள்ளே நுழைந்துவிடும். மழைத்துளி தெறித்து ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும். முதலில் கீழ் இலைகளில் ஓரம் சிதைந்த கறுப்புப் பொட்டுகள், பிறகு மஞ்சள், பிறகு உதிர்வு. ஆடி பிறப்பதற்குள் பெரும்பாலான செடிகள் வெறும் முட்குச்சிகளாகிவிட்டன.

செடிகளுக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டிருந்தார்கள். களை வராது என்பதற்காக என்றார்கள். சரிவில் விழுந்த மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் விரிப்பின் மேலாக ஓடி, நடவுக் குழிகளில் மட்டும் தேங்கியது. வேர் அழுகியது. நிரப்புவதற்கு அவர்கள் கொண்டுவந்த செம்மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்திருந்தது. கோரையின் கூர்முனை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், ரோஜா எந்த விதத்தில் அதை அடக்கும்? எங்கள் மண்ணில் முன்பு இல்லாத களை அது. இன்றைக்கும் அதைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிக ஆத்திரம் தருகிறது.

ஓணம் கழிந்த சமயத்தில் சில செடிகள் மட்டும் திடீரென்று செழிப்பாக நீண்ட கொடிகளை விட்டன. உயிர் பிழைத்துவிட்டன என்று சந்தோஷப்பட்டோம். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் என் அத்தான் வந்திருந்தபோது குனிந்து, அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். “இது நீங்கள் வாங்கிய ரோஜா இல்லை. ஒட்டுக்குக் கீழே இருக்கும் அடிச்செடி முளைத்து வருகிறது. மேலே ஒட்டியது எப்போதோ செத்துப்போயிற்று” என்றார். அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய முடிச்சு காய்ந்து கறுத்திருந்தது. அதற்குக் கீழிருந்து புறப்பட்ட கொடியில் இலையின் அமைப்பே வேறாக இருந்தது. பத்தடி வரை ஓடியும் ஒரு பூ கிடையாது. பிழைத்திருந்த மற்றவற்றைப் பார்த்து, சிலது சாதாரண பட்டன் ரோஜா, சிலது ஒட்டு ரோஜாவை அடியோடு வெட்டிக் குட்டையாக்கியது என்று பிரித்துச் சொன்னார். ஒரே ரகம் என்று எங்களிடம் விற்றதில் மூன்று வகைச் செடிகள் கலந்திருந்தன.

செடி விற்றவரைத் தொலைபேசியில் பிடிக்கவே பாடாக இருந்தது. கடைசியில் வந்தார். “மழை அதிகம் அக்கா, செடியின் மேல் குற்றம் இல்லை” என்றார். மழை அதிகம் என்பது குமரி மாவட்டத்தில் புதுச் செய்தியா? மழையில் நிற்காத செடியை மழை தொடங்குகிற காலத்தில் நட்டவர் அவர்தான். பிறகு, இழப்பை ஈடு செய்வதாக ஒரு யோசனை சொன்னார். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாக் கொடியை இலவசமாக நட்டுத் தருகிறாராம், அதற்கும் பராமரிப்பு வேண்டாமாம். தயவுசெய்து யாரும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அந்தக் கொடியும் இருக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, கிள்ளிப் போட்ட துண்டிலிருந்தும் முளைக்கும். நம் வீட்டுச் சரிவிலிருந்து கால்வாய்க்கும், அங்கிருந்து வயலுக்கும் போய்விடும். நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

இப்படிக் கன்று விற்க யாராவது வந்தால், தொட்டியிலிருந்து செடியை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். தரையில் படரும் நல்ல ரகங்கள் பெரும்பாலும் சொந்த வேரில் வளர்த்தவையாகவே விற்கப்படும், ஒட்டு முடிச்சு இருக்காது. முடிச்சோ, ஒட்டுக் கட்டிய நாடாவோ தெரிந்தால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாதவரிடம் பராமரிப்பு வாக்குறுதி எதையும் நம்ப வழியில்லை. தண்டைக் கையால் தூக்கி விடுங்கள், தானாகத் தாழ்ந்து படுக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அவர் ஏற்கெனவே நட்டுக்கொடுத்து ஒரு முழு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் படம் வேண்டாம், நம் மாவட்டத்து வீடு வேண்டும்.

உண்மையான ரகம் கிடைத்தாலும் நம் ஊரில் அதற்குச் சில தேவைகள் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில், அதுவும் காலை வெயிலாக இருந்தால் இலை சீக்கிரம் காயும். தென்னை நிழலில் வைத்தால் நோய்தான் மிஞ்சும். செடிக்குச் செடி இரண்டு முதல் மூன்று அடி இடைவெளி. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சருகோ மட்கிய தென்னை நார்க்கழிவோ மூன்று விரல் தடிமனுக்கு மூடாக்கு. தண்ணீர் வேருக்கு, இலைக்கு அல்ல. நம் சரளைச் செம்மண் பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. ரோஜா விரும்புவது இலேசான அமிலம் மட்டுமே. அதனால் மண் பரிசோதனை செய்துவிட்டுத் தேவைப்பட்டால் சுண்ணாம்பு சேர்க்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு மழையைவிடக் காற்றும் வறட்சியும்தான் பிரச்சினை, அங்கே இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே பேச்சிப்பாறையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். சரிவில் மண் அரிப்பைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வெட்டிவேர் போதும். எங்கள் சரிவின் மேல்வரிசையில் இப்போது அதைத்தான் நட்டிருக்கிறோம்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் பதிவு செய்யலாம். ரசீது தராமல் போயிருந்தாலும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், வாக்குறுதி சொன்ன குரல் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். செத்த செடிகளைப் பிடுங்குவதற்கு முன் ஒட்டு முடிச்சு தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவற்றையெல்லாம் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே போலக் கம்பி குத்திய ரோஜா உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், ஊர்ப் பெயரையும் நட்ட மாதத்தையும் கீழே எழுதுங்கள்.