டெஃப்-ஜெல்: 10 கிராம் பசைக்கு இந்த விலையா?

ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி ஒரு குழாய், அதற்குள் 10 கிராம் வெள்ளைப் பசை. விலையைப் பார்த்த என் மனைவி, "இதைச் சாப்பிடணுமா, பூசணுமா?" என்று கேட்டார். ஸ்க்ரூ மாட்டும் இடத்தில் உலோகம் அரிக்காமலிருக்கப் பூசும் பசைதான் டெஃப்-ஜெல். அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் இதை வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்த வேலைக்கு என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

என்னுடையது 4.3 மீட்டர் நீளமுள்ள பழைய அலுமினியப் படகு. மெல்பர்னுக்குத் தென்கிழக்கே ஹேஸ்டிங்ஸ் துறையில் இறக்கி, வெஸ்டர்ன் போர்ட் குடாவில் வைட்டிங் மீனும் கம்மி சுறாவும் பிடிக்கப் போவேன். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, கயிறு கட்டும் கொக்கி என்று ஆசைப்பட்டதையெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு நேரடியாகப் படகின் உடம்பில் முறுக்கியிருந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் பெயின்ட் கொப்புளித்திருந்தது. கொப்புளத்தைக் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி. ஸ்க்ரூ மட்டும் நேற்று வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது. மாட்டியவர் நல்ல 316 ரக ஸ்டெயின்லெஸ்தான் வாங்கியிருக்கிறார், அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நல்ல ஸ்டெயின்லெஸ்தான் அலுமினியத்துக்கு எமன். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். 316-க்கும் படகு செய்யும் அலுமினியத்துக்கும் கடல் நீரில் அரை வோல்ட்டுக்கு மேலேயே வித்தியாசம் இருக்கிறது. கரைவது எப்போதும் அலுமினியம்தான். திறந்த வெளியில் அலுமினியம் தன் மேல் ஆக்சைடு படலம் போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் மரைக்குள் அந்த வசதி கிடையாது. அங்கே உப்புத் தண்ணீர் தேங்கும், காற்று போகாது, படலம் உடைந்தால் மறுபடி உருவாகாது. அதனால்தான் நடுத் தகட்டில் ஒன்றும் ஆகாமல் துளையைச் சுற்றி மட்டும் பொரிந்துபோகிறது.

டெஃப்-ஜெல் அந்த மரைக்குள் தண்ணீருக்கு இடமில்லாமல் செய்கிறது. பசையில் 40 சதவீதம் பி.டி.எஃப்.இ. பொடி, அதாவது ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே பொருள். ஆவியாகும் கரைப்பான் எதுவும் இல்லாததால் காய்ந்து சுருங்காது. துளையை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மழையும் கடலும் பட்ட பிறகு கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூ கையோடு வருகிறது, மரையில் பசை இன்னும் வெள்ளையாக இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும் தொல்லைக்கும் இது மருந்து.

இனி, அது செய்யாத வேலை. முறுக்கி இறுக்கும்போது உலோகம் உலோகத்தைத் தொடத்தான் செய்யும். பசை தண்ணீரைத் தடுக்கிறதே தவிர தொடர்பைத் துண்டிப்பதில்லை. அதனால் மரை பிழைத்தாலும் வெளியே ஸ்க்ரூ தலைக்கும் தகட்டுக்கும் மேல் உப்புத் தண்ணீர் படரும்போது அதே பேட்டரி அங்கே ஓடும். தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் கட்டாயம் வேண்டும். அதற்குச் சில்லறைக் காசுதான் ஆகும். வாஷர் இல்லாமல் பசை மட்டும் பூசுவது பாதி வேலை.

அகலமான தகட்டை உட்கார வைப்பதற்கும் இது தோதல்ல. காயாத பசை வெயிலில் ஓரம் வழியாகப் பிதுங்கி, மண்ணையும் மீன் செதிலையும் சேர்த்துக்கொள்கிறது. அகலமான பரப்புக்கு டூராலாக்தான் சிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்கிற மஞ்சள் பசை அது, வளையும் படலமாகக் காயும். பழைய வகையில் பேரியம் குரோமேட் இருக்கிறது, நச்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்ததைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். மீன் காட்டும் கருவியின் சென்சாருக்கு நான் இரண்டையும் நம்பவில்லை. சமையலறைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் ஒரு துண்டு அறுத்துப் படகின் பின்பக்கம் ஒட்டி, சென்சாரை அந்தத் துண்டில் முறுக்கிவிட்டேன். இனி எந்தக் கருவி மாற்றினாலும் படகில் புதுத் துளை தேவையில்லை.

பழைய ஸ்க்ரூவின் மேல் பசையைத் தடவினால் பயனில்லை. கழற்றி, பொடியைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, உலர்ந்த பிறகே பூச வேண்டும். கழற்ற வராவிட்டால் சுற்றியிருக்கும் தகட்டுக்குக் கொஞ்சம் சூடு காட்டுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸை விட அலுமினியம் அதிகமாக விரியும், பிடி தளரும். பலத்தைக் காட்டினால் தலை முறிந்து கையில் வரும்.

மலிவான மாற்று வேண்டுமென்றால் லானோலின் கிரீஸ். ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, இந்த நாட்டில் ஆட்டுக்கா பஞ்சம்? அடிக்கடி கழற்றும் இடங்களுக்கு அதுவே போதும், கழுவிக் கழுவிக் குறைந்தால் மறுபடி பூசலாம். கார் கடையில் மரைக்கு என்று கேட்டால் செம்புப் பொடி கலந்த கிரீஸை நீட்டுவார்கள். கார் பிரேக்குக்கு அது சரி, அலுமினியப் படகுக்கு வேண்டவே வேண்டாம்; ஸ்டெயின்லெஸ்ஸைப் போலவே செம்பும் அலுமினியத்தைக் கரைக்கும். கிராஃபைட் கலந்ததும் அப்படித்தான்.

பசை எட்டாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படகில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஆஸ்திரேலியாவின் ஒரு டாலர், இரண்டு டாலர் நாணயங்களில் 92 சதவீதம் செம்பு. ஒன்று கால்சட்டைப் பையிலிருந்து நழுவித் தரைப்பலகைக்கு அடியில் உப்புத் தண்ணீரில் கிடந்தால், அந்த இடத்தில் தகடு குழியாகிவிடும். தரைப்பலகையே செம்பு மருந்து ஏற்றிய தோட்டத்து மரமாக இருந்தால் இன்னும் மோசம், மழைக்கு மழை செம்பு கசியும். கடலிலேயே நிறுத்தும் படகானால், அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயின்டில் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயருக்குப் பதில் படகின் உடம்பையே பயன்படுத்தவும் கூடாது.

இன்னொரு பக்கம், இன்ஜினில் இருக்கும் ஆனோடு (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைந்து காக்கும் உலோகக் கட்டி) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது, அந்தத் தண்ணீர் தொடும் இடங்களுக்கு மட்டும்தான் காவல். மேலே தூண்டில் தாங்கியின் ஸ்க்ரூவில் தெறித்த உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ட்ரெய்லரில் வீட்டு வாசலில் நிற்கும் படகில் அது வெறும் உலோகக் கட்டி. வீடு வந்ததும் பின்பக்க அடைப்பானைக் கழற்றி, தரைப்பலகைக்கு அடியிலும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவதற்குக் குழாய்த் தண்ணீர் காசு மட்டும்தான் செலவு.

வாங்குவதாக இருந்தால் சிரிஞ்சே போதும், டப்பா வேண்டாம். ஒரு ஸ்க்ரூவுக்கு அரிசி அளவு பசைதான் ஆகும், என் படகு முழுக்கப் பூசியும் குழாயில் மீதி இருக்கிறது. மூடியைத் தொலைக்காதீர்கள். கூடவே ஒரு பாக்கெட் நைலான் வாஷர், உங்கள் ஸ்க்ரூவின் தலையைவிடக் கொஞ்சம் அகலமானதாகப் பார்த்து.