பரேலில் அளவெடுத்து வாங்கிய கை அழுத்த உறை: நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்காக ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ, அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்குகிறது. தாராவியில் வசிக்கும் என் அக்காவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. கடைகளில் கம்ப்ரஷன் ஸ்லீவ் என்று கேட்டு வாங்கப்படும் கை அழுத்த உறையை, மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்கு அருகே உள்ள ஒரு சிறிய மருத்துவ உபகரணக் கடையில் அளவு கொடுத்து அவருக்காக வாங்கினோம். உறையும் நன்று, அளவெடுத்த முறை அதைவிட நன்று என்பதே என் முடிவு.

இந்த உறை என்ன செய்கிறது என்பது புரிந்தால்தான் அதன் விலை நியாயமா என்று சொல்ல முடியும். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் நீர்மம் திசுக்களுக்குள் கசிகிறது என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இரத்தக் குழாய்களுக்கே திரும்பிவிட, எஞ்சும் 3 லிட்டர் அளவையும் அதனுடன் வெளியேறிய புரதங்களையும் நிணநீர்க் குழாய்கள் நிணநீராகச் சேகரித்து, கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கொண்டு சேர்க்கின்றன. இந்த ஓட்டத்தைத் தள்ளுவதற்கு இதயத்தைப் போன்ற ஓர் உறுப்பு இல்லை. குழாய்ச் சுவர்களின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் இழுப்பும், பின்னோக்கிப் பாயவிடாத வால்வுகளும் சேர்ந்தே அதை நடத்துகின்றன. வழியில் இருக்கும் கணுக்கள் வெறும் வடிகட்டிகள் அல்ல. தோலில் நுழைந்த கிருமியின் துணுக்கைச் சுமந்து வரும் செல்கள், நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களையும் பி செல்களையும் சந்தித்து எதிர்ப்பைத் தொடங்கிவைப்பது அங்கேதான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் அதனால்தான். ஆகவே அக்குளின் கணுக்களை எடுத்தபின் கை இரண்டை இழக்கிறது: வடிகாலை மட்டுமல்ல, காவலையும். புரதம் மிகுந்த நீர்மம் தேங்கிய இடத்தில் நாளடைவில் திசு தடித்து இறுகுகிறது, சிறு கீறல்கூடத் தொற்றாக மாறும் வாய்ப்பு கூடுகிறது.

அக்காவுக்கு முதலில் வேறொரு கடையில் அளவே எடுக்காமல் ‘மீடியம்’ என்று ஓர் ஆயத்த உறையைக் கொடுத்துவிட்டார்கள். அது முழங்கை மடிப்பில் சுருண்டு, கயிறு கட்டியதுபோல் ஒரே இடத்தில் இறுக்கியது. உறையின் அழுத்தம் மணிக்கட்டில் மிகுந்தும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். நடுவில் ஓரிடம் இறுகினால் நீர்மம் அதற்குக் கீழே தேங்கிவிடும். பரேல் கடையில் அளவெடுத்த பெண்மணி, மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்த கையோடு கேட்ட முதல் கேள்வியே, “கட்டுப் போடும் சிகிச்சை முடிந்துவிட்டதா?” என்பதுதான். வீங்கிய கையைக் குறைப்பது பல அடுக்குக் கட்டும், கையால் நீவும் நிணநீர் வடிப்பும், பயிற்சியும். குறைந்த அளவைக் காப்பாற்றுவதே உறையின் வேலை. இதை விற்கிற இடத்திலேயே எடுத்துச் சொன்னது எனக்கு மிகவும் மதிப்பிற்குரியதாகப் பட்டது. வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் மறுபடி வரச்சொல்லி, மணிக்கட்டு முதல் அக்குள் வரை பல இடங்களில் சுற்றளவு எடுத்தார். அக்காவுக்கு இந்தி சரளமில்லை என்பதை உணர்ந்து, அணியும் முறையைத் தன் கையிலேயே மாட்டிக் காட்டினார்.

வந்த உறை தட்டைப் பின்னல் வகை. நீளவாட்டில் ஒரு தையல் ஓடுகிறது, துணி சற்று முரடு, ஆனால் மடிப்பில் சுருளவில்லை. அழுத்தம் இரண்டாம் வகுப்பு, அதாவது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். எந்த வகுப்பு வேண்டும் என்பதை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோதான் தீர்மானிக்க வேண்டும். பகலில் அணிந்து சமைக்கவும் துணி காயப்போடவும் அக்காவால் முடிகிறது. தசை அசையும்போது உறை வெளியிலிருந்து தாங்குவதால், கையை ஓய்வாக வைத்திருப்பதைவிட இது நல்லது.

குறைகளும் உண்டு. மும்பையின் வெக்கையில் முழங்கையின் உட்புறம் வியர்த்து அரிக்கிறது. மழைக்காலத்தில் துவைத்தது காய மறுப்பதால், மாற்றி அணிய இரண்டு உறைகள் கட்டாயம் தேவைப்படுகின்றன. ஏறக்குறைய ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும் என்பதால் இந்தச் செலவு மீண்டும் மீண்டும் வருவது. ஆயத்த உறையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விலை என்பது, வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு உண்மையிலேயே பெரிய பாரம்.

கை திடீரெனச் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் உறையைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். புறங்கையும் வீங்குபவர்கள் உறையுடன் கையுறையையும் சேர்த்தே கேளுங்கள், இல்லையெனில் வீக்கம் விரல்களுக்கு இறங்கக்கூடும். இந்தக் கடையில் கையுறை இருப்பில் இருப்பதில்லை. சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும்.